பள்ளிக்கூடத்துக் கணினி வேலையெல்லாம் என் தலையில். இதையே என் பாதையாக எடுத்துக்கொள்ளலாமா?

அறிவியல்_டீச்சர்

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். சேர்ந்து 11 வருடம் ஆகிறது, வயது 37. ஆறு மாதமாக இந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் பேசினால் "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்கிறார்கள், பள்ளியில் பேசினால் "நீங்க போயிட்டா ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் யார் எடுக்கறது" என்கிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்குக் கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. பி.எஸ்சி. இயற்பியல், பி.எட்., அப்புறம் தொலைநிலையில் எம்.எஸ்சி. 2018இல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தது ஞாபகம் இருக்கும், முதலில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு. பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். அதை ஸ்கேன் செய்தால் படம் வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆசையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் வகுப்பறைக்குள் சிக்னல் இல்லை. மைதானத்து வேப்பமரத்தடியில்தான் இரண்டு கோடு காட்டும். எல்லோரையும் அங்கே கூட்டிப்போய் என் கைபேசியைச் சுற்றி உட்கார வைத்தேன். பின்னால் இருந்த ஒருவன் எட்டிப்பார்த்துவிட்டு "டீச்சர், எனக்குச் சத்தம் மட்டும்தான் வருது" என்றான். அன்று இரவே எல்லாவற்றையும் வீட்டில் பதிவிறக்கி பென்டிரைவில் ஏற்றினேன், பக்கத்துப் பள்ளியில் சும்மா கிடந்த புரொஜெக்டரைக் கேட்டு வாங்கினேன். தொடக்கம் அதுதான்.

பிறகு எங்கள் பள்ளிக்கும் ஹைடெக் லேப் வந்தது, சர்வரோடு சேர்த்துப் பத்துக் கணினிகள். 2020இல் பள்ளி மூடியபோது கல்வித் தொலைக்காட்சியில் எந்தப் பாடம் எப்போது வருகிறது என்று அட்டவணை எழுதி, டிவி இருக்கிற வீடுகளின் வாசலில் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். என் வகுப்பில் 34 பேர், வாட்ஸ்அப் இருந்த வீடு 9. மிச்சமிருந்த 25 பேரை எப்படி எட்டுவது என்று யோசித்த அந்த மாதங்களில்தான் தொழில்நுட்பம் என்றால் உண்மையில் என்ன என்று எனக்கு விளங்கியது என்று சொல்வேன்.

ஒரு வகுப்பை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையை நான் விரும்பத் தொடங்கியது அங்கேதான். ஆறாம் வகுப்பு மின்னியல் பாடம். ஃபெட் என்ற இலவச மாதிரிகளில் மின்சுற்று அமைக்கும் ஒன்று உண்டு, மின்கலம், கம்பி, பல்பு எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் போட்டு இணைக்கலாம். ஒரு பிள்ளை பல்பே வைக்காமல் மின்கலத்தின் இரண்டு முனைகளையும் கம்பியால் சேர்த்துவிட்டாள். திரையில் மின்கலம் தீப்பிடித்தது. வகுப்பே எழுந்து நின்றது. "டீச்சர், நிஜ பேட்டரியும் எரியுமா?" மறுநாள் கடிகார பேட்டரி ஒன்றும் துண்டுக் கம்பியும் கொண்டுபோனேன். ஒரே ஒரு நொடி இணைத்து எடுத்தோம், எல்லோரும் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள், சூடாக இருந்தது. குறுக்குச்சுற்று என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் முன்னால் மூன்று வழிகள். டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) மாவட்டக் கருத்தாளராக, அதாவது மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவராக, வரச் சொல்லிக் கேட்கிறார்கள், காணொலி தயாரிக்கவும் சேர்த்து. சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் பாட உள்ளடக்கம் எழுத அழைக்கிறது, சம்பளம் இப்போது வாங்குவதைவிட அதிகம். மூன்றாவது, எதுவும் செய்யாமல் இப்படியே இருப்பது. ஆனால் இப்படியே இருந்தால் எமிஸ் (மாணவர், ஆசிரியர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, உதவித்தொகைப் பதிவு, ஊரில் இருக்கிற எல்லாச் செயலி வேலையும் என்னிடமே வரும், ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தத் துறையில் ஓர் ஆசிரியருக்கு நிஜமாகவே பாதை என்று ஒன்று இருக்கிறதா? என்ன படிக்க வேண்டும்? போனவர்கள், போய்த் திரும்பியவர்கள் சொல்லுங்கள்.

கணினி_வாத்தியார்

டீச்சர், உங்கள் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர். 814 இடங்களுக்கு 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்திய தேர்வில் வந்தவன். பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவுக்குப் பைத்தான் நடத்த வேண்டியது என் வேலை. சேர்ந்த முதல் வருடம் நான் பைத்தான் நடத்திய மணிநேரத்தைவிட நாமினல் ரோல் எனும் பொதுத்தேர்வு மாணவர் பட்டியல் சரிபார்த்த மணிநேரம் அதிகம். பஸ் பாஸ், ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு இணைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒருநாள் செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம், பிள்ளைகள் லேப் வாசலில் காத்திருக்க, நான் உள்ளே ஆசிரியர்களின் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் நான் சொல்வது, இந்த இரண்டு வேலைகளையும் முதலில் உங்கள் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியின் கணக்குவழக்கைக் கணினியில் ஏற்றுவது ஒரு வேலை. மின்கலம் எரிந்த வகுப்பு வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே கணினிதான், அதனால் பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. நான் என்ன செய்தேன் என்றால், ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் எந்த மணிநேரம் எதற்குப் போனது என்று எழுதினேன். தலைமையாசிரியரிடம் சண்டை போடவில்லை, அந்த நோட்டைக் காட்டினேன். அவரே திகைத்துப்போனார். அதற்குப் பிறகு பதிவு வேலையை நான்கு ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், எப்படிச் செய்வது என்று நான் இரண்டு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

கருத்தாளராகப் போவதென்றால் வாய்மொழியாகச் சொன்னார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். செயல்முறைக் கடிதம், அதாவது எழுத்துபூர்வமான அலுவலக உத்தரவு, வாங்குங்கள். எத்தனை நாள், எந்த நாள், ஓ.டி. (அந்த நாளைப் பணி நாளாகவே கணக்கிடுவது) உண்டா, பயணப்படி உண்டா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் போய்ப் பள்ளியில் விடுப்பாகப் போட்டுவிட்ட கதை எனக்குத் தெரிந்தே இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது. தனியாரில் சேர, ஏன் மேற்படிப்பில் சேரக்கூட, துறையின் முன் அனுமதி வேண்டும், அதையும் மறக்காதீர்கள். யூடியூப் சேனல் வைத்துப் பணம் வந்தாலும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இதில் எத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். தமிழ் தட்டச்சு. நம் பள்ளிகளில் இன்னும் கேள்வித்தாளை வானவில், பாமினி எழுத்துருக்களில் அடிக்கிறோம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்தவர் கைபேசியில் கட்டம் கட்டமாக, கிறுக்கலாகத் தெரியும். பத்து வருடமாகச் சேர்த்த கேள்வித்தாள்களைத் தேடக்கூட முடியாமல் வைத்திருக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கருவியிலும் எழுத்து ஒன்றுபோலத் தெரிகிற யூனிகோடு முறையை 2010இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. நீங்கள் கருத்தாளராகப் போனால் முதல் நாள் செயற்கை நுண்ணறிவெல்லாம் வேண்டாம், தமிழ்99 விசைப்பலகையை ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுங்கள். உயிர், மெய் என்று எழுத்து நம் கைக்கு வருகிறபடியே அமைந்திருக்கிறது, ஒரு வாரத்தில் பழகிவிடும். ஃபெட் மாதிரிகளையும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளையும் பதிவிறக்கி லேப் கணினிகளில் வைத்துவிடலாம், இணையம் இல்லாமலே ஓடும், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பழைய_வாத்தியார்

அம்மா, நான் டயட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். கல்வித் தொழில்நுட்பப் பிரிவில் பல வருடம் இருந்தேன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டத்துக்கு ஒன்றாக டயட் அமைத்தபோது அதில் ஏழு பிரிவுகள் வைத்தார்கள், கல்வித் தொழில்நுட்பம் அதில் ஒன்று. உங்களைப் போன்ற ஒருவருக்கென்று நாற்காலி போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் வேலைக்கு வந்த புதிதில், 1984 வாக்கில், கிளாஸ் என்று ஒரு திட்டம். பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளை நாடெங்கும் சில நூறு பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கடுத்து தொடக்கப் பள்ளிகளுக்குக் கலர் டிவியும் டூ-இன்-ஒன் ரேடியோவும் வந்தன. நான் பள்ளிப் பார்வைக்குப் போகும்போது டிவி எங்கே என்று கேட்பேன். பீரோவைக் காட்டுவார்கள். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும், தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருப்பார். அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். உபயோகித்ததற்காக யாரும் பாராட்டியதில்லை, உடைந்ததற்கு மட்டும் விளக்கம் கேட்பார்கள். இன்றைக்கும் ஹைடெக் லேப்பைப் பூட்டியே வைத்திருக்கிற இடத்தில் இந்தப் பயம் இருக்கிறதா என்று பாருங்கள், பயிற்சி கொடுப்பதற்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் ஓர் ஆசிரியையை நான் மறக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு. அந்த டூ-இன்-ஒன்னில் ஒரு காலி கேசட் போட்டு, பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவார். ழகரம் வராத ஒரு பையன் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "இது நானில்லை" என்று அழுதான், பிறகு தினமும் மதியம் சாப்பிட்டதும் வந்து "இன்னொரு தடவை பதிவு பண்ணுங்க டீச்சர்" என்று நின்றான். அரசு கொடுத்த வழிகாட்டியில் இப்படி ஒரு பயன்பாடே இல்லை. அந்த அம்மாவை நான் மாவட்டம் முழுக்கக் கூட்டிப்போய்ப் பேச வைத்தேன். கருத்தாளர் என்றால் எனக்கு அவர்தான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். டயட் விரிவுரையாளர் பணிக்கு முதுகலையும் எம்.எட்.டும் கேட்பார்கள். உங்களிடம் எம்.எஸ்சி. இருக்கிறது, எம்.எட். இல்லை. 2014 விதிமுறைகளுக்குப் பிறகு எம்.எட். இரண்டு வருடப் படிப்பு, நேரில் போய்ப் படித்தால் விடுப்பு எடுக்க வேண்டிவரும், அதனால் குடும்பத்தோடு கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் போவது இன்னொரு வழி, ஆனால் அங்கே புள்ளிவிவர வேலை மிகுதி, மேலே கணினித் தம்பி சொன்ன தொல்லை அங்கேயும் உண்டு. சென்னை கல்லூரிச் சாலையில் மாநிலக் கல்வியியல் நிறுவனம் நடத்தும் பணிமனைகளுக்குப் பெயர் கொடுங்கள், பாடநூல் குழு, காணொலிக் குழு இவற்றுக்கெல்லாம் ஆசிரியர்களைத்தான் எடுக்கிறார்கள், பள்ளி வேலையை விடாமலே போய்வரலாம். தென்மாநில ஆசிரியர்களுக்கு மைசூருவில் இருக்கும் மண்டலக் கல்வி நிறுவனமும் பயிற்சி கொடுக்கிறது. கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கென்று தேசிய விருது ஒன்று இருக்கிறது, நம் மாநில ஆசிரியர்கள் பலர் வாங்கியிருக்கிறார்கள். விருதுக்காகச் செய்ய வேண்டாம், ஆனால் அதற்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால் செய்ததையெல்லாம் ஆதாரத்தோடு எழுத வேண்டியிருக்கும். அந்த எழுத்து உங்களுக்குப் பின்னால் பல இடங்களில் உதவும். அந்த மின்கல வகுப்பை இன்றைக்கே எழுதி வையுங்கள் அம்மா, தேதியோடு.

ஸ்டோரிபோர்டு

நான் போய்த் திரும்பியவள், அதனால் தனியார் பக்கத்தைச் சொல்கிறேன். ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு வருடம் உயிரியல் எடுத்தேன். 2021இல் ஒரு நிறுவனத்தில் பாட வடிவமைப்பாளராகச் சேர்ந்தேன், 2023இல் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம், மாலை மின்னஞ்சல் முடங்கியது. அந்தக் காலத்தில் பல நிறுவனங்களில் அதுதான் நடந்தது.

ஆனால் அங்கே கற்றது எனக்கு இன்னும் சோறு போடுகிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்டோரிபோர்டு எழுதக் கற்றேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் திரையில் என்ன தெரிகிறது, வலது பக்கம் குரல் என்ன சொல்கிறது என்று நொடிக் கணக்கில் எழுத வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு நான்கு நிமிடக் காணொலி ஒன்று, எனக்கு மூன்று வாரம் ஆனது. வகுப்பில் நாற்பது நிமிடம் பேசுகிற நமக்கு எது தேவை, எது பழக்கத்தில் சொல்கிறோம் என்று அப்போதுதான் தெரிகிறது. குரல் சொல்வதையே திரையில் எழுத்தாகவும் போட்டால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும் என்பது போன்ற விஷயங்களை நான் பி.எட்.டில் படித்ததே இல்லை.

என்னை வாட்டியது வேறு. நான் தமிழ்வழிக்கு எழுதுகிறேன் என்று நினைத்துச் சேர்ந்தேன், வந்தது ஆங்கிலப் பிரதியின் மொழிபெயர்ப்பு. "உங்கள் சிந்தனைத் தொப்பிகளை அணிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு வரி. ஏழாம் வகுப்புப் பிள்ளை எந்தத் தொப்பியைத் தேடும்? அதை "கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்" என்று மாற்ற நான் மூன்று கூட்டங்களில் பேச வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் நான் எழுதிய பாடத்தைப் பார்க்கிற ஒரு பிள்ளையின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. எத்தனை பேர் எந்த நொடியில் நிறுத்தினார்கள் என்று வரைபடம் மட்டும் வரும். ஏன் நிறுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு "சத்தம் மட்டும்தான் வருது" என்று சொல்ல ஒரு பையன் இருந்தான் பாருங்கள் மேடம், அது எங்களுக்கு இல்லை.

போவதென்றால் மூன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். முதலில் தமிழில் எழுதப்படுமா, மொழிபெயர்க்கப்படுமா? பள்ளிகளில் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் சோதிப்பார்களா? பாடத்தைச் சரி என்று முடிவு செய்கிறவர்களில் வகுப்பெடுத்தவர்கள் எத்தனை பேர்? பதில் தடுமாறினால் அரசுப் பணியை ராஜினாமா செய்துவிட்டுப் போகிற அளவுக்கு அது பெறுமானம் இல்லை. எனக்கு விட்டுப்போக அரசுப் பணி இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. இப்போது நான் ஒரு சின்னப் பள்ளியில் பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் தயாரிப்பது என்று இருக்கிறேன். சம்பளம் குறைவு. திங்கட்கிழமை எழுதியதைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் பார்த்துவிடுகிறேன், அது எனக்கு வேண்டியிருந்தது.

மறையூர்க்காரன்

இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், கேரள அரசுப் பணி. இங்கே எப்படி என்று சொன்னால் உங்களுக்கு உதவுமா தெரியாது, ஆனால் "பாதை இருக்கிறதா" என்று கேட்டீர்கள், இங்கே இருக்கிறது.

2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள், 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. அதில் மாஸ்டர் டிரெய்னர்கள் என்று இருப்பவர்கள் எல்லோரும் பள்ளி ஆசிரியர்கள், வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், திரும்ப வகுப்புக்கே வரலாம். ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐடி ஒருங்கிணைப்பாளர், அந்தப் பொறுப்புக்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு. நான் நான்கு வருடம் அப்படி இருந்தேன். பெயர் இருக்கிறபோது, "இது என் வேலை, அது என் வேலை இல்லை" என்று சொல்ல முடிகிறது, கணினி வாத்தியார் சார் பட்ட கஷ்டத்தைப் படித்தபோது அதுதான் தோன்றியது.

இன்னொன்று, இங்கே பள்ளிக் கணினியெல்லாம் லினக்ஸில்தான் ஓடுகிறது. உரிமக் கட்டணம் இல்லை என்பது ஒரு பக்கம். எங்கள் ஆசிரியர்களே உட்கார்ந்து அதில் பாடத்துக்கு வேண்டிய மென்பொருட்களைச் சேர்த்து, மொழியைச் சேர்த்து, பள்ளிக்கென்று ஒரு பதிப்பு செய்ய முடிந்தது என்பதுதான் பெரிது. 2018இல் தொடங்கி 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொடுத்தார்கள். அவ்வளவு பொருளை யார் பார்த்துக்கொள்வது? லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் குழு. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புரொஜெக்டர் கம்பி தளர்ந்தால் அவர்களே பார்த்துவிடுவார்கள், ஆசிரியரைக் கூப்பிடுவதில்லை. ஒரு மூத்த தமிழாசிரியர் மடிக்கணினியைத் தொடவே தயங்கினார், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி தினமும் காலையில் பத்து நிமிடம் முன்னால் வந்து அவருக்கு எடுத்துவைத்துக் கொடுப்பாள். இரண்டாவது மாதம் அவரே கையெழுத்துச் சுவடிப் படங்களைத் தேடித் திரையில் போட்டு யாப்பு நடத்தினார்.

பத்தாம் வகுப்பில் ஐடி ஒரு தேர்வுப் பாடம், அதனால் யாரும் லேப்பைப் பூட்டி வைக்க முடியாது. டீச்சர், கருத்தாளராகப் போனால் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்காதீர்கள், பள்ளிக்கு நான்கு பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள் என்பது என் எண்ணம்.

ஈராசிரியர்_பள்ளி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் பயிற்சியில் எதிரே உட்காருகிறவன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளி. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய 2022இலிருந்து எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன். பல நாள் யாரோ செய்த பிபிடியை யாரோ வாசிப்பார்கள், வாசிக்கிறவரும் அதை வகுப்பில் செய்து பார்த்திருக்க மாட்டார். "சார், உங்க வகுப்புல இதைச் செஞ்சப்ப என்ன ஆச்சு" என்று கேட்டால் பதில் இருக்காது. நீங்கள் கருத்தாளராகப் போங்கள் டீச்சர், ஆனால் வகுப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். விட்டு மூன்று வருடம் ஆனால் உங்களிடமும் அந்தப் பதில் இருக்காது. வரும்போது பென்டிரைவும் கொண்டு வாருங்கள், எங்கள் ஊரிலும் சிக்னல் இல்லை.

அறிவியல்_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது.

சென்னை நிறுவனத்திடம் ஸ்டோரிபோர்டு மேடம் சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். முதல் கேள்விக்கே "ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது, நீங்கள் தமிழாக்கம் பார்த்துக்கொண்டால் போதும்" என்றார்கள். மரியாதையாக மறுத்துவிட்டேன். ஆனால் ஸ்டோரிபோர்டு எழுதும் முறையைப் பிடித்துக்கொண்டேன், அடுத்த பாடத்துக்கு இடது, வலது என்று கோடு போட்டு எழுதிப் பார்த்தேன், நான் சொல்ல நினைத்ததில் பாதியை நானே அடித்துவிட்டேன்.

கணினி வாத்தியார் சார் சொன்னபடி நோட்டுப் போட்டேன். ஒரே மாதத்தில் 41 மணிநேரம் பதிவு வேலை. தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இப்போது ஆறு ஆசிரியர்கள் பிரித்துச் செய்கிறோம், முதல் வாரம் எல்லோருக்கும் என் மேல் வருத்தம்தான், பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்த பிறகு குறைந்திருக்கிறது.

டயட்டில் போய்ப் பேசினேன். செயல்முறைக் கடிதம் வந்துவிட்டது, மாதத்துக்கு இரண்டு நாள், ஓ.டி. உண்டு, வகுப்பு என்னிடமே இருக்கும். எம்.எட். பற்றி இப்போது முடிவெடுக்கவில்லை, பையன் எட்டாவது படிக்கிறான், அவன் பத்தாவது முடிக்கட்டும் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

முதல் பயிற்சி போன வாரம் நடந்தது. 32 ஆசிரியர்கள். தமிழ்99இல் தொடங்கினேன், பிறகு மின்சுற்று மாதிரி. ஐயா சொன்ன பீரோ பயத்தை மனதில் வைத்து, எல்லோரையும் வேண்டுமென்றே மின்கலத்தைக் கொளுத்தச் சொன்னேன். எரியட்டும், திரையில் எதுவும் கெடாது, யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள் என்றேன். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற ஒரு டீச்சர், மவுஸையே அழுத்திப் பிடிக்கத் தயங்கியவர், நான்கு முறை கொளுத்தினார். உணவு இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த நிஜக் கம்பி, பேட்டரி எங்கேம்மா வாங்கினே, நாளைக்கே என் வகுப்புக்கு வேணும்" என்றார். என் பையில் இருந்ததைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கு நான்கு பிள்ளைகளையும் அழைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். மறையூர் சார், உங்கள் மாணவர் குழுவுக்கு முதல் மாதம் என்னென்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று வரிசையாக எழுத முடியுமா? கம்பி, புரொஜெக்டர் பராமரிப்பு முதலில் வருகிறதா, இல்லை மென்பொருளா? ஈராசிரியர் சார், உங்கள் பென்டிரைவ் தயார், எந்த வகுப்புப் பாடம் முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள்.